பின்னால் வருகிறவர்

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை பல் தேய்க்கும்போதே ஆனந்தகுமாரின் மனதில் அந்தப் பெயர்தான் ஓடிக்கொண்டிருந்தது. சரத்.

புதன்கிழமை சாயங்காலம் சார்ஜில் கிடந்த மகளின் போனை எடுத்துப் பார்த்தாரே, அதிலிருந்து அவருக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. அந்தப் பையன் தெலுங்கை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பியிருந்தான். 'அங்கிள்கு தெலியகுண்டா ஃபினிஷ் சேசேத்தாம்.' அங்கிளுக்குத் தெரியாமல் முடித்துவிடலாம். அவ்வளவுதான் செய்தி. அங்கிள் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எதை முடிக்கப் போகிறார்கள் என்பதில்தான்.

ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் இருபத்தேழு வருட வேலை அவருக்கு. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் அந்தக் காதுக்கு ஒரு மரியாதை உண்டு. வீட்டில் அதுவே தொல்லை. மனைவி கிரிஜா 'சும்மாதான்' என்று சொன்னால், அந்தச் 'சும்மா'வில் எங்கே இடைவெளி இருக்கிறது என்று அந்தக் காது தேடும்.

மூன்று வாரமாக அவர் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு பூர்ணாவின் பின்னால் போய்வந்து கொண்டிருந்தார். பத்தொன்பது வயதுப் பெண். தார்நாகாவில் கல்லூரி, ஊடகப் படிப்பு, இரண்டாம் ஆண்டு. ஒரு மாதத்துக்கு முன் சாப்பாட்டு நேரத்தில், த்ரில்லர் படம் ஒன்றின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுத்துத் தரவேண்டும், அதுதான் ப்ராஜெக்ட் என்று சொல்லியிருந்தாள். அன்றிலிருந்துதான் போனைக் கவிழ்த்து வைக்கும் பழக்கமும் வந்தது.

உப்புமாவை அவசரமாக விழுங்கியபடி, இன்று ஐந்து மணிக்குள் ப்ராஜெக்டைக் கொடுத்தாக வேண்டும், வர நேரமாகும் என்றாள் பூர்ணா. யார் யாரெல்லாம் என்று கேட்டார். க்ரூப் என்றாள். க்ரூப் என்றால் யார் என்று கேட்டார்.

"க்ரூப்னா க்ரூப்பா. கைக்கு இவ்ளோ கேள்வி?" 'ஏன்' என்பதற்கு இந்த ஊர் உருதுவில் 'கைக்கு'; அது அவர்கள் வீட்டுத் தமிழிலும் கலந்துவிட்டது.

கிரிஜா அடுப்பிலிருந்து திரும்பி மகளைப் பார்த்தாள். மகளும் அம்மாவைப் பார்த்தாள். ஒரு நொடிதான். ஆனந்தகுமார் அதைக் குறித்துக்கொண்டார். இவளுக்கும் ஏதோ தெரியும்.

ஒன்பது நாற்பதுக்கு அவள் கிளம்பினாள். சைக்கிள் டயரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவரும் கிளம்பினார்.

பஸ்ஸில் பின்தொடர்வது இந்த ஊரில் சுலபம். பெண்கள் முன்பக்கம், ஆண்கள் பின்பக்கம். பின்வாசலில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால், நடுவில் நிற்கும் கூட்டமே மறைத்துவிடும். பூர்ணாவின் பின்னல் மட்டும் அவருக்குத் தெரிந்தது. அவள் ஒருதடவைகூடத் திரும்பவில்லை. மூன்று வாரமாகவே அவள் திரும்பிப் பார்த்ததில்லை. அதை அவர் தன் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தார்.

தார்நாகாவில் இறங்கி நடந்தாள். கல்லூரி கேட் வந்தது. அவள் நிற்கவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. கேட்டைத் தாண்டி நடந்தாள்.

ஆனந்தகுமார் நடையின் வேகத்தைக் கூட்டினார். கல்லூரிச் சுவரை ஒட்டிய சந்தில் திரும்பினாள். மூன்றாவது கட்டடத்தின் வாசலில் தோள்பையோடு ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு. இரண்டு பேரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். மாடிப்படி ஏறினார்கள்.

கீழே ஒரு மாவு மில். மேலே என்ன இருக்கிறது என்று போர்டு எதுவும் இல்லை. அவர் பத்து வரை எண்ணிக்கொண்டு நின்றார். பிறகு படி ஏறினார். மாடியில் ஒரே ஒரு கதவு, சாத்தியிருந்தது. காதை வைத்தார்.

உள்ளே காலடிச் சத்தம் கேட்டது. கனமான பூட்ஸ், ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் இழுத்தாற்போல. பஸ் இரைச்சல். யாரோ மூச்சு வாங்கும் சத்தம். பிறகு ஒரு பெண்ணின் குரல், தமிழில்.

"நடந்துக்கிட்டே இரு. திரும்பிப் பாக்காத."

அது பூர்ணாவின் குரல் இல்லை. ஆனந்தகுமார் கதவைத் தள்ளினார்.

சின்ன அறை. இரண்டு கம்ப்யூட்டர், ஏசி, தரையில் ஒயர். சரத் நாற்காலியில் இருந்தான். பக்கத்தில் பூர்ணா. திரையில் ஒரு ஆள் உறைந்து நின்றிருந்தான். நீலக் கட்டம் போட்ட சட்டை, கையில் டிபன் பை, ஒரு மரத்துக்குப் பின்னால் பாதி உடம்பு. அந்தச் சட்டையைத்தான் இப்போதும் அவர் போட்டிருந்தார்.

பையன் வெலவெலத்துப்போய் எழுந்து நின்றான். பூர்ணா எழுந்திருக்கவில்லை. அவள் முகத்தில் ஆச்சரியமும் இல்லை.

"வாங்கப்பா. உக்காருங்க. எப்படியும் இன்னிக்கு உங்கள கேட்டுத்தான் ஆகணும்."

அவர் உட்காரவில்லை. என்னடி இது என்றுதான் கேட்க வந்தார்.

அதற்குள் அவளே சொன்னாள். நிதானமாக, ஏற்கெனவே பலமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தவள் போல. த்ரில்லர் என்றால் ராத்திரி வேண்டும், மழை வேண்டும், ஆளில்லாத ரோடு, மூஞ்சி தெரியாத ஒருத்தன், பயந்து ஓடும் ஒரு பெண். இதையெல்லாம் வைத்தால்தான் பார்க்கிறவர்களுக்கு இரண்டு நிமிடத்தில் பிடிபடும். அவர்கள் முதலில் அப்படித்தான் எடுத்தார்கள். சரத் கறுப்புத் தொப்பிச் சட்டை போட்டுக்கொண்டு பார்க்கிங்கில் ஓடினான். பாடம் எடுக்கும் ஸ்டெல்லா மேடம் பார்த்துவிட்டு, மீதிப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நானே சொல்லிவிடுவேன் என்றார். சிலதை வைத்துக்கொள்ளுங்கள், சிலதை உடையுங்கள், ஏன் உடைத்தோம் என்று எழுதிக் கொடுங்கள் என்று திருப்பி அனுப்பினார்.

"சரின்னு பகல்ல பஸ் ஸ்டாப்ல சும்மா கொஞ்சம் ஷூட் பண்ணோம். மூணு நாள். சரத் வந்து எல்லாத்தையும் போட்டுப் பாத்துட்டு எனக்கு போன் பண்ணான். பூர்ணா, ஒரு ஆள் மூணு நாளா உன் பின்னாடியே வர்றான், போலீஸ்ல சொல்லலாமான்னு கேட்டான்."

அவள் திரையில் உறைந்து நின்றவனைக் காட்டினாள்.

"அது எங்கப்பான்னு நான் சொல்ல வேண்டியதாப் போச்சு."

சரத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன்னை இந்தப் பையனிடம் யார் என்று சொல்லும்போது மகளின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று ஆனந்தகுமாருக்குத் தோன்றியது. தோன்றிய உடனே அதைத் தள்ளிவிட்டுக் கோபத்தைப் பிடித்துக்கொண்டார்.

"என்னைக் கேக்காம என்னைப் படம் எடுத்தீங்களா?"

"ஆமா. தெரிஞ்ச பிறகும் எடுத்தோம். தப்புதான்," என்றாள் பூர்ணா. "நீங்களும் என்னைக் கேக்காமதான் வந்தீங்க. பாத்துட்டுச் சொல்லுங்க. நக்கோன்னா, வேணாம்னு சொன்னீங்கன்னா, இப்பவே டெலீட் பண்ணிடறேன், அந்தத் தொப்பி போட்டதையே குடுத்துடறேன்."

சரத் முதலிலிருந்து ஓட்டினான்.

கறுப்புத் திரை. காலடிச் சத்தம். பிறகு பட்டறை பூட்ஸ் இரண்டு, பஸ் படியிலிருந்து இறங்குகின்றன. இடது கால் முதலில். கம்பியைப் பிடித்த ஒரு கை, நகத்தில் கிரீஸ் கறை. ஒரு கடிகாரம். கூட்டத்துக்கு நடுவே ஒரு பின்னல். முகம் காட்டாமல், துண்டு துண்டாக ஒரு ஆள். ஆனால் வெயில் கொளுத்துகிறது. கரும்புச் சாறு பிழிகிறார்கள். ஸ்கூல் பிள்ளைகள் ரோட்டைக் கடக்கிறார்கள். பின்னணி இசை கிடையாது. ரோட்டுச் சத்தம்தான். இத்தனை பேர் நடுவில் ஒருத்தன் ஒரு பெண்ணின் பின்னால் போகிறான், யாரும் கவனிக்கவில்லை.

அந்த ஆளைப் பார்க்க ஆனந்தகுமாருக்கே பயமாக இருந்தது.

திரையில் பூர்ணாவின் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். மறுமுனையில் அந்தப் பெண் குரல்.

"நடந்துக்கிட்டே இரு. திரும்பிப் பாக்காத. பின்னாடி வர்றவன எனக்குத் தெரியும். எறங்கும்போது இடது காலத்தான் முதல்ல வெப்பான். பதினோரு வயசுல வலது கால் ஒடிஞ்சது அவனுக்கு. சைக்கிள்ல என்ன உக்காரவெச்சுக்கிட்டு ஓட்டினான். நான் விழுந்துடக் கூடாதுன்னு அவன் விழுந்தான்."

ஆனந்தகுமார் திரைக்கு இன்னும் கிட்டே போனார்.

பெண் ஓடவில்லை. பயப்படவில்லை. நிதானமாக நடந்து கேட்டுக்குள் போய்விட்டாள். கேமரா அவளோடு போகாமல் திரும்பி, இதுவரை காட்டாத அந்த முகத்தைக் காட்டியது. த்ரில்லரில் கடைசி வரைக்கும் ஒளித்து வைக்க வேண்டிய முகம். திருவிழாக் கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்துவிட்டவன் முகம் போலிருந்தது அது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கண் அங்கேயும் இங்கேயும் அலைந்தது. திரை இருண்டது.

"பயப்படறது பின்னாடி வர்றவர்தான்," என்றாள் பூர்ணா மெதுவாக. "அதான் நாங்க ஒடைச்சது."

அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"அந்தக் குரல்," என்றார்.

"அத்தையோடது."

ஹம்சா. இருபத்துமூன்று வருடமாக அந்த வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர். அவருடைய ஒரே தங்கை, இருபது வயதில் ஒரு நாள் காலை வீட்டை விட்டுப் போனவள். எங்கே இருக்கிறாள், எப்படிப் பிடித்தாய் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். பூர்ணா ஒரு தாளை எடுத்து நீட்டினாள். படத்தில் வருகிறவர் சம்மதிக்கிறார் என்று கையெழுத்துப் போட வேண்டிய படிவம். பாத்திரம் என்ற இடத்தில், பின்னால் வருகிறவர் என்று ஆங்கிலத்தில் அவளே நிரப்பியிருந்தாள்.

"மத்ததெல்லாம் அம்மாகிட்ட கேளுங்க. அஞ்சு மணி வரைக்கும் வெயிட் பண்றேன்."

ஆட்டோவில் வரும்போது அவருக்கு மகள் மேலிருந்த சந்தேகம் முழுக்க மனைவி மேல் போய் உட்கார்ந்தது. கிரிஜாவுக்குத் தெரியும். எத்தனை நாளாகத் தெரியும்? புதன்கிழமைகளில், வேலை பார்க்கும் பள்ளி நூலகத்திலிருந்து தாமதமாக வருவாளே, அது எதற்கு? கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் போவாளே, அது? இருபத்தோரு வருடம் பக்கத்தில் படுத்தவளைப் பற்றி இந்த இருபது நிமிடத்தில் அவர் ஒரு குற்றப்பத்திரிகையே தயார் செய்துவிட்டார்.

கிரிஜா கூடத்தில் உட்கார்ந்து கோவைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் கையிலிருந்த படிவத்தைப் பார்த்ததும் அரிவாள்மணையை மடக்கி ஓரமாக வைத்தாள்.

"பாத்துட்டீங்களா?"

"எத்தன நாளா நடக்குது இது?"

ஆறு வருடம் என்றாள். மறைக்க நினைக்கவில்லை. அவளுடைய அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது அந்த வார்டின் தலைமை நர்ஸ் ஹம்சா. ஆனந்தகுமார் வீட்டுப் பழைய குடும்ப ஆல்பத்தில் ஒரு போட்டோவை மட்டும் கிழித்த இடம் இருக்கும். அதற்கு முந்தின போட்டோவில் அந்த முகம் ஓரமாக இருக்கும். அதை வைத்துக் கிரிஜா கண்டுபிடித்தாள். அண்ணனிடம் சொல்லக் கூடாது என்று ஹம்சா வாக்குறுதி வாங்கிக்கொண்டாள். இரண்டு வாரத்துக்கு முன், அப்பா என் பின்னால் வருகிறார் அம்மா, சரத் பார்த்துவிட்டான் என்று பூர்ணா பாத்ரூமைச் சாத்திக்கொண்டு அழுத அன்றைக்கு, கிரிஜா நேராக மகளைக் கூட்டிக்கொண்டு ஹம்சாவிடம் போனாள். அப்பா இப்படிப் பின்னால் போவது முதல் தடவை இல்லை என்பதை மகளும் தெரிந்துகொள்ளட்டும் என்று.

"எவன்கூடவோ போனவகிட்ட என் பொண்ணக் கூட்டிக்கிட்டுப் போனியா?"

கிரிஜா எழுந்து அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

"எவன்கூடங்க?"

அவர் வாயைத் திறந்தார்.

"பேர் சொல்லுங்க. எவன்கூடப் போனா?"

அந்தப் பெயர் அவருக்குத் தெரியும். வேணுகோபால். அந்தக் காலத்தில் மெட்டுகுடாவில் டைப்பிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தவர். ஹம்சா அங்கே டைப் படித்தாள். எட்டு மாதம் அவள் பின்னால் நடந்து, ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் அவரோடு நின்று ஒரு கவரை வாங்கியதைப் பார்த்து வந்து அப்பாவிடம் சொன்னது ஆனந்தகுமார்தான். அப்பா பழனிசாமி அன்றோடு அவளை வீட்டில் உட்காரவைத்தார். பதினாறாவது நாள் அவள் சர்டிஃபிகேட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வேணுகோபாலோ எங்கும் போகவில்லை. வழக்கம்போலக் கடையைத் திறந்தார். பட்டறை கேன்டீனில் எல்லாரும் என்னப்பா ஆச்சு என்று கேட்டபோது, அந்த வாத்தியார்தான் அவளை எங்கேயோ கொண்டுபோய் வைத்திருக்கிறான் என்று ஆனந்தகுமார் சொன்னார். சாயங்காலத்துக்குள் காலனி முழுக்கப் பரவியது. மறுநாள் நாலு பேர் போய் இன்ஸ்டிட்யூட்டில் மிஷின்களைத் தூக்கி ரோட்டில் போட்டார்கள். அந்த நாலு பேரில் ஒருவர் அவர்.

"அந்தக் கவர்ல இருந்தது நர்ஸ் ட்ரெய்னிங்குக்கு வந்த இன்டர்வியூ லெட்டர்," என்றாள் கிரிஜா. "வீட்டு அட்ரஸ் குடுத்தா நீங்க கிழிப்பீங்கன்னு இன்ஸ்டிட்யூட் அட்ரஸ் குடுத்திருக்கா. விஜயவாடா ஹாஸ்டலுக்குத் தனியா ட்ரெயின் ஏறிப் போனா. யாரும் கூடப் போகல. இன்னி வரைக்கும் அவ கல்யாணமே பண்ணிக்கல. அந்த ஆள் நீங்களா வெச்ச ஆள்."

அவர் உட்கார்ந்துவிட்டார்.

அவருக்குத் தெரியாதா? ஒரு கடிதம் வந்தது. விஜயவாடா முத்திரை குத்திய கவர், ஹம்சாவின் கையெழுத்து. தபால்காரரிடம் வாங்கிப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தது அவர்தான். பிரித்தால் அதில் அந்த ஆள் இல்லாமல் போய்விடுவானோ என்ற பயம். ஆள் இல்லை என்றால், அவள் யாருக்காகவும் போகவில்லை, தங்களை விட்டுத்தான் போயிருக்கிறாள். அதைத் தாங்குவதைவிட ஒரு டைப்பிங் வாத்தியாரைத் தாங்குவது சுலபமாக இருந்தது.

கிரிஜா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் குரல் இப்போது இறங்கியிருந்தது. அந்தப் படத்தைப் பூர்ணா ஹம்சாவிடம் காட்டினாளாம். கடைசியில் வந்த முகத்தைப் பார்த்துவிட்டு ஹம்சா அதையே மறுபடி மறுபடி ஓட்டச் சொன்னாளாம்.

"எங்கண்ணன் என்ன வெறுத்துத்தான் பின்னாடி வந்தான்னு இத்தன வருஷம் நெனச்சேன் கிரிஜா, இப்படி ஒரு மூஞ்சிய நான் பாக்கவே இல்லையேன்னா. திரும்பிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமோ என்னவோன்னா. அப்புறம்தான் படத்துல போன்ல வர்ற அந்தக் குரலப் பேசினா. ஒரே டேக். இன்னொரு தடவ பேச வராதுன்னுட்டா."

அவள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டார். அவளே சொல்லச் சொன்னால் சொல்கிறேன் என்று எழுந்து போய்விட்டாள் கிரிஜா.

மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. படிவத்தை மேஜைமேல் வைத்து எதிரே உட்கார்ந்திருந்தார். கையெழுத்துப் போட்டால், கல்லூரியில் நாற்பது பேர் பார்ப்பார்கள். யாராவது போனில் அனுப்புவார்கள். பட்டறைக்கு வரும். கேன்டீனில் தட்டு வைக்கும்போது யாராவது காலடிச் சத்தம் போட்டுக் காட்டுவான். போடாவிட்டால், தொப்பி போட்ட சரத் பார்க்கிங்கில் ஓடுவான். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. பூர்ணா ஒன்றும் சொல்ல மாட்டாள். இனி எதையுமே அவரிடம் சொல்ல மாட்டாள்.

நாலு மணிக்கு வேறு சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார். எங்கே போகிறார் என்று கிரிஜா கேட்கவில்லை.

கல்லூரியில் ஸ்டெல்லா மேடத்தின் அறையில் பூர்ணாவும் சரத்தும் நின்றிருந்தார்கள். மேடம் ஐம்பது வயதுக்காரர். எழுந்து நின்று அவரை உட்காரச் சொன்னார். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, யாரும் கட்டாயப்படுத்தினார்களா, இது யார் யாருக்குக் காட்டப்படும் என்று தெரியுமா என்று ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் மாறி மாறிக் கேட்டார். இந்த நிமிடம்கூட வேண்டாம் என்று சொல்லலாம், மகளின் மதிப்பெண்ணில் கைவைக்க மாட்டேன் என்றார்.

ஆனந்தகுமார் யோசித்துப் பதில் சொன்னார். தெலுங்கில்தான் சொன்னார். அது அவருக்குத் தமிழைவிட அப்போது சுலபமாக இருந்தது. "அதுல நடிப்பு எதுவும் இல்ல மேடம். நடந்ததுதான். எம்பொண்ணு என்னைக் கேட்டா. அவ கேட்ட மாதிரி நான் யாரையும் கேட்டதில்ல."

கையெழுத்துப் போட்டார்.

மேடம் படிவத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு சம்பிரதாயம் உண்டு என்றார். படிவத்துக்கு ஒரு நகல், ஆதார் கார்டுக்கு ஒரு நகல். ஆபீஸ் மிஷின் ரிப்பேர், எதிரில் ஜெராக்ஸ் கடை இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. வெளியே நின்ற பூர்ணா உள்ளே வந்து, வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள்.

அந்தக் கடை யாருடையது என்று ஆனந்தகுமாருக்குத் தெரியும். மெட்டுகுடாவில் இருக்க முடியாமல் போனவர் தார்நாகாவுக்கு வந்து, டைப்பிங் போய் ஜெராக்ஸ் போட்ட கடை அது. மூன்று வாரமாக மகளுக்காக இந்த ரோட்டில் நின்றபோதும் அந்தப் பக்கம் மட்டும் அவர் போனதில்லை. இன்றைக்கும் போகாமல் இருக்கலாம். அவள்தான் கை நீட்டிக்கொண்டிருக்கிறாளே.

"நான் போய்ட்டு வரேன்," என்றார்.

கடையில் கூட்டமில்லை. கல்லாவுக்குப் பின்னால் அறுபதைத் தொட்ட ஒரு மனிதர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது. ஆனந்தகுமார் நீட்டியதை நிமிராமலே வாங்கினார். படிவத்தை வைத்தார், வெளிச்சம் ஓடியது. ஆதாரை வைத்தார், மூடியைச் சாத்தப்போன கை நின்றது. கண்ணாடியை இறக்கிப் பெயரைப் படித்தார். அப்பா பெயரையும் படித்தார். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

அந்த முகத்தில் கோபம் வந்தால் நன்றாக இருக்கும் என்று ஆனந்தகுமார் எதிர்பார்த்து நின்றார். வரவில்லை. வேணுகோபால் மூடியைச் சாத்திப் பட்டனை அழுத்தினார். நகலை எடுத்தார்.

ஆனந்தகுமார் சொன்னார். கோர்வையாக வரவில்லை. ஹம்சா நர்ஸ் ஆகிவிட்டாள், யாரோடும் போகவில்லை, அந்தக் கவரில் என்ன இருந்தது என்று இன்றைக்குத்தான் தெரியும், கேன்டீனில் சொன்னது தன் வாயால் கட்டிய பொய். இவ்வளவும் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் குறுக்கே பேசவில்லை.

"இத எனக்கு எதுக்குச் சொல்றீங்க?" என்றார் வேணுகோபால். காலனித் தமிழ் இன்னும் அவருக்கு மறக்கவில்லை. "நான்தானே அந்த ஆளு. நான் எங்கயும் கூட்டிப் போகலன்னு எனக்குத் தெரியாதா?"

ஆனந்தகுமார் காசை எடுத்துக் கல்லாமேல் வைத்தார்.

"அப்ப எனக்குக் கல்யாணமாகி ஏழு மாசம். நேத்திக்கு ஒரு பேப்பர் லோடுக்காக விஜயவாடா போகணும்னு சொன்னேன். என் பொண்டாட்டி ஒண்ணுமே பேசல. உங்க தங்கச்சி அங்கதான் போனான்னு தெரிஞ்சதிலேருந்து அந்த ஊர்ப் பேர் எடுத்தா அவ பேச மாட்டா. இருபத்துமூணு வருஷம். நானும் சொல்லிப் பாத்துட்டேன், எங்கம்மா சொல்லிப் பாத்துட்டா." நகல்களை ஒழுங்காக அடுக்கி, ஓரத்தில் பின் போட்டுக் கொடுத்தார். "அஞ்சரைக்குக் கடைக்கு வருவா. அவகிட்ட சொல்லுங்க."

மணி நாலு ஐம்பத்தேழு. அவர் ரோட்டைக் கடந்து ஓடினார். கேட்டில் காத்திருந்த மகளின் கையில் தாள்களைக் கொடுத்தார். அவள் ஒருமுறை கையெழுத்தைப் பார்த்தாள், ஒருமுறை அவரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, நேரமில்லாமல் உள்ளே ஓடினாள். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, கொடுத்தாச்சு, வீட்டுக்குப் போகலாமாப்பா என்று கேட்டாள்.

"நீ சரத்தோட போம்மா. எனக்கு ஒரு வேலை இருக்கு."

என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. அவன் தெருமுனையில் நின்றிருந்தான். இருவரும் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்கள். அவர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்காமல் ரோட்டைக் கடந்தார்.

வேணுகோபால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஆனந்தகுமார் உட்கார்ந்தார். ஒரு பெண் ஹால் டிக்கெட் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனாள். ஒரு கிழவர் பென்ஷன் தாள்களோடு வந்து போனார். சுவரில் கடிகாரம் ஐந்து இருபத்தைந்தைக் காட்டியபோது, பச்சை நிற ஸ்கூட்டி ஒன்று கடை வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்த அம்மாள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே முதலில் கணவனைப் பார்த்தார். பிறகு, ஸ்டூலிலிருந்து எழுந்து நிற்கும் அந்நியரைப் பார்த்தார்.

"எவரு?" என்று கேட்டார்.